குழிக்கு மேலே இருப்பது

உங்க கையில் இருக்கிற அந்தப் புத்தகத்தில் மூன்றாம் பக்கத்தைத் திருப்புங்க. நான் பார்க்காமலே சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி ஒன்று நிற்கும். பின்னால் மாமரம். தண்ணீர் இருபதடி உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும், பொடிசுகள் நனைந்துகொண்டு சிரிக்கும். பக்கத்தில் மஞ்சள் துணி கட்டிய ஒரு பொம்பளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். இருக்கிறதா? இருக்கும்.

அது என் வண்டிங்க.

நம்பிக்கை இல்லை என்றால் கேபின் கதவைப் பாருங்க. அர்த்தநாரீஸ்வரர் துணை என்று தமிழில் எழுதியிருக்கும். 'துணை'யைப் பாதி சேறு மறைத்திருக்கும். ஆப்பிரிக்காவில் எவன் தமிழில் எழுதி வைப்பான்?

இந்தப் படத்தைப் போட்டவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் நானும் இந்த பஸ்ஸில் போகிறேன். நீங்க போகிற அதே கூட்டத்துக்கு, அவினாசி ரோட்டு ஹோட்டலுக்கு. வளரும் நாட்டில் முதலீடு, வளமான எதிர்காலம் என்று பேனர் கட்டியிருப்பான் பாருங்க, அந்தப் பேனருக்குக் கீழேயே நின்று கேட்பேன். என் வண்டியைக் காட்டி ஆள் பிடிக்கிறாயே, எனக்கு என்னடா தருகிறாய் என்று. தராமல் கிளம்ப மாட்டேன். பேரத்தில் நான் தோற்றது கிடையாதுங்க. திருச்செங்கோட்டில் இறங்கி அர்த்தனாரி என்று கேட்டுப் பாருங்க. பைப் விற்கிறவன் என்னைக் கண்டால் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் விலை சொல்லுவான்.

நீங்க நாமக்கல்லா? கோழிப்பண்ணை. அப்படித்தான் நினைத்தேன். அங்கே தீவன மில் போடலாம் என்று சொல்லியிருப்பார்கள். சொன்னது தப்பில்லை. மக்காச்சோளம் அங்கே கொட்டிக் கிடக்கிறது, நானே பார்த்தேன். போக வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். இந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிற நன்மை எல்லாம் உண்மைதான். நிலம் மலிவு. ஆட்கள் உழைக்கிறார்கள். எதைக் கொண்டுபோய் இறக்கினாலும் அங்கே வேண்டும். போட்டிக்கு ஆளில்லை. நீங்கதான் முதல் ஆள். எல்லாம் சரி. எல்லாம் நான் கண்ணால் கண்டது.

கொஞ்சம் தள்ளி உட்காருங்க, வெயில் இந்தப் பக்கம் அடிக்கிறது.

நான் பதினைந்து வயதில் போர் வண்டியில் ராடு தூக்கப் போனவன். ஆந்திரா, ஒரிசா, சத்தீஸ்கர் என்று சுற்றாத காடு கிடையாது. இந்த விரல்களைப் பாருங்க. ராய்ப்பூர் பக்கத்தில் ராடு நடுவில் மாட்டிக்கொண்டு ஒன்றரை விரல் போயிற்று. கட்டுப் போட்ட டாக்டரிடம், ஒன்றரை விரலுக்கு எப்படி இரண்டு விரல் காசு கேட்கிறீங்க என்று மல்லுக்கு நின்றேன். அந்த ஆள் சிரித்துவிட்டுக் குறைத்துக்கொண்டார். அப்படித்தான் நான் படித்தேன். வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

பிறகு சொந்த வண்டி. அதற்குள் ஊரில் வீட்டை விட வண்டி அதிகமாகிப் போயிற்று. ஆயிரத்து இருநூறு அடி போட்டாலும் வெறும் பாறைப் புகைதான் வருகிறது. அடிக்கு இத்தனை என்று ஒருவன் சொன்னால் அடுத்தவன் அதிலும் குறைத்துச் சொல்கிறான். அப்போதுதான் தான்சானியா என்றார்கள். இருநூறு அடியில் தண்ணீர், நான்கு மடங்கு கூலி. வசந்தாமணியின் அப்பா அவள் பேரில் எழுதிவைத்த மூன்று ஏக்கர் தோட்டத்தை விற்றேன். வசந்தாமணி என் வீட்டுக்காரி. அவளுக்குச் சம்மதம்தான். நான் மூன்று நாள் பேசினேன், நான்காம் நாள் சரி என்றுவிட்டாள்.

வண்டியையும் கம்ப்ரசர் லாரியையும் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றினோம். கூட நான்கு ஆட்கள். டிரில்லர் என் மச்சினன் சென்னியப்பன், வசந்தாமணிக்குத் தம்பி. பாறையில் காது வைத்தே கீழே என்ன இருக்கிறது என்று சொல்லுவான். அந்த வேலையை நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வரும்.

துறைமுகத்திலிருந்து எட்டு மணி நேரம் உள்ளே ஓர் ஊர். உள்ளூர் ஆள் ஒருவர் கூட்டுச் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்றார்கள். சேர்ந்தவள்தான் இந்த மஞ்சள் துணி. நீமா. மக்காச்சோள மொத்த வியாபாரி. அங்கே மரியாதையான பொம்பளைகளை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா என்று அர்த்தமாம். ஒரு வாரம் எனக்கு வாயே வரவில்லை. அரைகுறை இங்கிலீஷில் நான் பேசுவேன், அரைகுறை இங்கிலீஷில் அவள் பேசுவாள். அவர்கள் பாஷையில் எண்களை மட்டும் முதல் நாளே படித்துவிட்டேன். வியாபாரிக்கு அது போதும்.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறதுங்க, உங்களுக்கும் பயன்படும், கேட்டுக்கொள்ளுங்க. கடைக்குள் போனவுடன் விலை பேச முடியாது. தூங்கினாயா, வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, மாடு எப்படி, மழை எப்படி என்று கால் மணி நேரம். பதிலுக்கு நாமும் கேட்க வேண்டும். நான் கேட்க மாட்டேன். எனக்கு எதற்கு அவள் மாட்டைப் பற்றி? அவள் பாட்டுக்குக் கேட்பாள், வசந்தாமணிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்பது வரைக்கும். நான் நல்லா இருக்கு, நல்லா இருக்கு, விலையைப் பேசுங்க மாமா என்பேன். அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாதுங்க. நேரத்தை நான் அப்படி வீணாக்க மாட்டேன்.

முதல் பேரம் அவள் கிட்டங்கியில். சோள மூட்டை மேல் அவள், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் நான், வாசலில் சென்னியப்பன். வருகிற கூலியில் நூற்றுக்கு முப்பது அவளுக்கு என்றாள்.

"கட்டாதுங்க மாமா" என்றேன். தமிழிலேயே. எனக்குச் சூடு ஏறினால் தமிழ்தான் வரும்.

"என்ன அது, கட்டாது?"

"இந்த விலைக்கு இந்த ஆள் பிழைக்க முடியாதுன்னு அர்த்தம்."

இருபத்தைந்து என்றாள். கட்டாதுங்க. இருபது. கட்டாதுங்க. எழுந்து வாசல் வரைக்கும் போனேன். நம் பக்கம் எப்படி? எழுந்தவனைக் கூப்பிட்டால் கூப்பிட்டவன் தோற்றான். கூப்பிட்டாள். மூன்று நாளில் பத்துக்குக் கொண்டுவந்தேன். பத்துங்க. அந்த நாட்டில் எவனும் பத்துக்கு முடித்ததில்லை.

நான்காம் நாள் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "பத்துக்குச் சம்மதம். ஒரே ஒரு சின்ன விஷயம். குழி உன்னுடையது. குழிக்கு மேலே இருப்பது என்னுடையது."

நான் சிரித்துவிட்டேன். குழிக்கு மேலே என்னங்க இருக்கிறது? ஒரு சிமெண்ட் மேடை, ஒரு அடிபம்பு. நாங்கள் போர் போடுகிறவர்கள். தண்ணீர் வந்தால் பைப்பை இறக்கி மூடியைப் போட்டு வண்டியைக் கிளப்பிவிடுவோம். திரும்பிப் பார்ப்பது கிடையாது. திரும்பிப் போனால் தண்ணீர் குறைந்துபோயிற்று, பைப் சாய்ந்துவிட்டது என்று பஞ்சாயத்து வரும். நான் ராடு தூக்கின காலத்திலிருந்து எந்த முதலாளியும் திரும்பிப் போனதில்லை. அடிக்குத்தான் எங்களுக்குக் காசு, தண்ணீருக்கு இல்லை.

"ஆகாசம் வரைக்கும் நீயே வெச்சுக்க மாமா" என்றேன். அதை எழுத்தில் போட வேண்டும் என்றாள். போடு என்றேன். பின்னால் பல்டி அடிப்பாளோ என்று நானே இரண்டு பிரதி டைப் அடிக்கச் சொல்லி, இரண்டிலும் அவளிடம் கையெழுத்து வாங்கினேன். என் கையெழுத்தையும் போட்டேன்.

வெளியே வந்ததும் சென்னியப்பன், "மச்சான், அந்தம்மா மூணு நாளா விட்டுக் குடுத்துட்டு இதை மட்டும் கேக்குது. என்னமோ இருக்குதுங்க" என்றான்.

"நீ பாறையைப் பாரு மாப்ள. மனுசனை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

முதல் போர் இந்தப் படத்தில் இருப்பது. சென்னியப்பன் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினான். நூற்றெண்பது அடியில் புகை நின்றது, வெள்ளையாகச் சேறு வந்தது, அப்புறம் தண்ணீர். ஊரே கூடி ஆடியது. ஒரு கிழவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கையை உருவிக்கொண்டு, ராடு கழற்றுங்கடா, வெளிச்சம் இருக்கும்போதே அடுத்த பாயிண்டுக்குப் போகணும் என்றேன். போய்விட்டோம். நீமா மட்டும் அங்கேயே நின்றாள். படத்திலேயே பாருங்க, எல்லோரும் மேலே தண்ணீரைப் பார்க்கிறார்கள். அவள் ஆட்களைப் பார்க்கிறாள். எத்தனை பேர் குடம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறாள்.

இது எனக்கு இந்தப் புத்தகத்தில் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

மூன்று வருடத்தில் நாற்பத்தொரு போர். முப்பத்தெட்டில் தண்ணீர். அந்த மூன்று வருடம் நான் ராஜா மாதிரி இருந்தேன். ஊரில் எங்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தோம். வசந்தாமணி போனில், "தோட்டத்த வாங்குனவரு மறுபடி விக்கறாராமுங்க. நம்முளுதே திரும்பக் கிடைக்குது, வாங்கிப் போடலாம்ங்க" என்றாள். இன்னொரு வண்டி வாங்கிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றேன். வளர்கிற இடத்தில் போடுகிற காசை மூன்று ஏக்கரில் கொண்டுபோய் முடக்குவேனா?

நான்காம் வருடம் வேலை வரவில்லை. ஒரு மாதம் பார்த்தேன். இரண்டு மாதம். என்னடா இது என்று ஒரு நாள் முதல் போர் போட்ட அந்த மாமரத்து ஊருக்கு வண்டியை விட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, போட்ட போரைத் திரும்பிப் பார்க்கப் போனேன்.

அடிபம்பைக் காணோம். மேலே சோலார் பலகை. பெரிய கறுப்புத் தொட்டி. கீழே ஒரு சின்னக் கடை, நான்கு குழாய், ஒரு பெண் உட்கார்ந்து குடத்துக்கு ஒரு காசு வாங்கிக்கொண்டிருக்கிறாள். கடைக்குள்ளே சோப்பு, உப்பு, போன் ரீசார்ஜ். பக்கத்திலேயே மாவு மில். தண்ணீர் எடுக்க வருகிறவள் சோளத்தையும் அரைத்துக்கொண்டு போகிறாள். தொட்டியிலிருந்து மண்ணுக்குள்ளே பைப் போகிறது. எங்கே போகிறது என்று கேட்டேன். அடுத்த ஊருக்கு, அதற்கடுத்த ஊருக்கு என்றார்கள். நான் அடுத்து போர் போட வேண்டிய ஊர்கள் எல்லாவற்றுக்கும், நான் ஏற்கெனவே போட்ட போரிலிருந்தே தண்ணீர் போகிறது.

முப்பத்தெட்டுக் குழியிலும் அதே கதை. முப்பத்தெட்டிலும் மஞ்சள் பெயிண்ட்.

அப்போதுதான் எனக்கு இந்தப் புத்தகத்தில் எழுதாத ஒன்று தெரிந்தது. வளரும் நாடு, வளரும் நாடு என்கிறார்களே, அது வளரத்தான் செய்யும். நமக்காக வளரும் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. நாம் பாட்டுக்கு அப்படி நினைத்துக்கொள்கிறோம்.

பள்ளிபாளையம் தாண்டியாயிற்று போலிருக்கிறது. ஆற்றில் பாருங்க, பாறைதான் தெரிகிறது. எங்கள் தெருவில் இப்போது லாரித் தண்ணீர். அதை விடுங்க.

நேராகக் கிட்டங்கிக்குப் போனேன். தூங்கினாயா, வசந்தாமணி எப்படி என்று ஆரம்பித்தாள். "திருட்டு வேலை பண்ணிட்டு முட்டிவலி விசாரிக்கறயா?" என்று கத்தினேன். டீ கிளாஸ் சுவரில் போய் உடைந்தது. எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை, என் கையில் இருந்த கிளாஸ்தான். அவள் அந்தக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். பிறகு அந்தக் காகிதத்தை எடுத்து வைத்தாள். இரண்டு பிரதி, என் கையெழுத்து.

"நான் திருடவில்லை. உன்னிடம் கேட்டேன். நீ ஆகாசம் வரைக்கும் என்றாய்" என்றாள். பிறகு ஒரு பேச்சுச் சொன்னாள் பாருங்க. "நல்ல குழி எது, கெட்ட குழி எது என்று உனக்குத் தெரியும். தண்ணீரில் என்னோடு சேர்ந்துகொள். நீ எனக்குக் கொடுத்த அதே பத்து, நான் உனக்குத் தருகிறேன்."

பத்து. எனக்கு. என்னிடம் கமிஷனுக்கு இருந்தவள்.

வாசலில் சென்னியப்பன், "மச்சான், ஒத்துக்கங்க. நல்ல பேச்சுங்க இது. முப்பத்தெட்டு ஊருத் தண்ணியில பத்துங்க" என்று என் தோளைப் பிடித்தான். தட்டிவிட்டேன். அவனைப் பார்த்து என்ன சொன்னேன் என்று இந்த பஸ்ஸில் சொல்ல முடியாது, பொம்பளைகள் இருக்கிறார்கள். அன்றிலிருந்து அவன் என்னிடம் பேசுவது கிடையாது. நன்றி கெட்டவன்.

பிறகு வண்டியை விற்றுவிட்டு ஊருக்கு வருவது என்று முடிவு செய்தேன். கப்பலில் திருப்பி அனுப்புகிற கூலிக்கு இங்கே பழைய வண்டி ஒன்று வாங்கிவிடலாம். வசந்தாமணி போனில் அழுதாள். "கேக்கற விலைக்குக் குடுத்துட்டு வந்துருங்க. மாப்பிள்ளை வீட்டுல ஆவணிக்குள்ள முடிக்கணும்ங்கறாங்க. ரெண்டு பேரும் பேசி இழுத்துட்டிருக்காதீங்க." வண்டி வாங்குகிற வசதி அந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வண்டியும் லாரியும் சேர்ந்து நாற்பத்தைந்தாயிரம் டாலர் பெறும். நான் எழுபது சொன்னேன். பேரத்துக்குத்தான். அவள் முப்பது கேட்பாள், நான் கட்டாதுங்க என்பேன், எழுந்து வாசலுக்குப் போவேன், கூப்பிடுவாள், மூன்று நாள் ஓடும், ஐம்பதில் நிற்கும். அதற்குத் தயாராகச் சாப்பிட்டுவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு போயிருந்தேன்.

"ஸாவா" என்றாள். சரி என்று அர்த்தம்.

அவ்வளவுதாங்க. எழுபதுக்குச் சரி. டீ ஊற்றினாள்.

உங்களுக்குப் புரிகிறதா? என் முப்பது வருட வியாபாரத்தில் நான் சொன்ன முதல் விலைக்கு எவனும் சரி என்றது கிடையாது. முதல் விலைக்கே ஒத்துக்கொள்கிறாள் என்றால் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவளுக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்? முன்னாலும் அப்படித்தானே ஆயிற்று? இல்லை என்றால் இது பிச்சை. பாவம், கொடுத்து அனுப்பு என்கிற மாதிரி. இரண்டில் எது என்று தெரியவில்லை. எதுவாக இருந்தால் என்ன?

"அது வண்டிக்கு மட்டும். கம்ப்ரசர் லாரி தனி. தொண்ணூறு" என்றேன்.

பின்னால் சென்னியப்பன் தொண்டையைச் செருமினான். அவள் என் கிளாஸில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். "வசந்தாமணி சொன்னாள், பெண்ணுக்குக் கல்யாணமாமே" என்றாள். எனக்குத் தெரியாமல் இருவரும் போனில் பேசியிருக்கிறார்கள் பாருங்க. சென்னியப்பன் இடையில் நின்று பாஷை மாற்றிச் சொல்லியிருப்பான். பிறகு சொன்னாள், "ஸாவா. தொண்ணூறு."

அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீங்க? வாங்கிக்கொண்டு வந்திருப்பீங்க. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எல்லோருக்கும் சொல்வது சுலபம். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது நான். ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, நான் கேட்பதை எல்லாம் கொடுக்கிறாள். என்னோடு பேரம் பேச மாட்டேன் என்கிறாள்.

"ராடு தனி, பாறை துளைக்கிற பிட்டு தனி. நூற்றிருபது."

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். எழுந்தாள். துணியைச் சரி செய்துகொண்டு, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"கட்டாதுங்க."

அந்த 'ங்க'வையும் சேர்த்தேதான் சொன்னாள். சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனாள். மெதுவாகத்தான் போனாள். நாலு மூட்டைத் தூரம் இருக்கும். எழுந்து போகிறவள் எதற்காக மெதுவாகப் போவாள் என்று எனக்குத் தெரியாதா? நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டவன் தோற்றான்.

ஒரு மாதத்துக்கு மேல் லாட்ஜில் காத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. நாற்பதாம் நாள் அவளுக்குப் புது போர் வண்டி ஒன்று வந்து இறங்கியது, கதவில் சீன எழுத்து. அந்த வண்டி முன்னால் நின்று தேங்காய் உடைத்துச் சூடம் காட்டியவன் சென்னியப்பன். அங்கேதான் இருக்கிறான், சம்பளமும் தண்ணீரில் பங்கும். அக்கா பெண் கல்யாணத்தைப் பணம் அனுப்பி அவன்தான் முடித்தான். நான் பந்தலில் வரவேற்பில் நின்றேன். வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் தாய்மாமன் எங்கே, தாய்மாமன் எங்கே என்று கேட்டார்கள்.

வசந்தாமணி என்ன சொல்கிறாள் என்கிறீங்களா? தம்பியோடு போனில் பேசுகிறாள், என்னைக் கண்டால் வைத்துவிடுகிறாள். அதுதான்.

விலை போகாமல் நான் நிறுத்திவிட்டு வந்த வண்டி அந்த மாமரத்துக்குக் கீழேயே நிற்கிறது. ஐந்து வருடமாயிற்று. டயரெல்லாம் மண்ணோடு ஒட்டியிருக்கும். அந்தம்மா ஆள் போட்டு மேலே ஒரு தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறாள் என்று கேள்வி. எதற்குப் போட வேண்டும்? யார் கேட்டார்கள் அவளை?

பெருந்துறை வந்துவிட்டது. உட்காருங்க, நாம் இறங்க இன்னும் தூரம் இருக்கிறது, நான் ஒன்று சொல்ல வேண்டும். நீங்க போவீங்க. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தீவன மில் போடுகிறவர் சோளத்துக்கு அவளிடம்தான் போயாக வேண்டும், வேறு வழி கிடையாது. போனால், முதல் நாளே வேண்டாம், இரண்டாம் நாள், தூங்கினாயா மாடு எப்படி என்பதெல்லாம் முடிந்த பிறகு, அந்த மாமரத்து வண்டி யாருடையது என்று கேளுங்க. நான் சொன்னதாகச் சொல்லக் கூடாது. நீங்களாகக் கேட்கிற மாதிரி. அந்த ஆள் இப்போது எழுபதுக்கு இறங்கி வருவாராம் என்று காதில் விழுந்தது என்று சொல்லுங்க. நாற்பது என்றாலும் பேசிப் பார்க்கலாமாம் என்று சொல்லுங்க.

சரி என்று சொன்னாள் என்றால் விட்டுவிடுங்க, எனக்குச் சொல்லவே வேண்டாம்.

குறைத்துக் கேட்டாள் என்றால் மட்டும் போன் போடுங்க. இருபது கேட்கட்டும், பத்துக் கேட்கட்டும், பரவாயில்லை. கேட்டாள் என்று தெரிந்தால் அடுத்த விமானத்தில் நான் வருகிறேன்.